ஏலக்கூடத்தில் அமைதி காக்கவும்

அரசாங்க விதிகளையெல்லாம் பெரிய அறிவாளிகள்தான் எழுதுகிறார்கள் என்று நம்புகிறவர்கள் என்னைச் சந்தித்ததில்லை. தூத்துக்குடிப் பக்கம் ஒரு மீன் ஏலக்கூடத்துக்கு விதி எழுதியவன் நான். அப்போது வேலையில் சேர்ந்து ஏழு மாதம், கல்யாணமாகி மூன்று மாதம். இரண்டிலுமே தகுதிகாண் பருவம்.

"வரைவு விதிகள் திங்கக்கிழமைக்குள்ள வேணும்" என்றார் அதிகாரி. கூடத்தை ஒரு நடை போய்ப் பார்த்திருக்கலாம். ஆனால் நான் நாசரேத்து வாத்தியார் வீட்டுப் பிள்ளை. மீனைக் குழம்பில் மட்டும்தான் பழக்கம். ஆபீஸ் பீரோவில் ஏதோ ஒரு நூலகத்தின் விதிகள் கிடந்தன. 'நூலகம்' என்று வந்த இடத்திலெல்லாம் 'ஏலக்கூடம்' என்று மாற்றினேன். (படித்துப் பார்த்தாயா என்று மட்டும் கேட்காதீர்கள்.) அதிகாரி பக்க எண்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

விதி அமலாகும் முன் வரைவை ஊர் பார்க்க ஒட்டி, முப்பது நாள் ஆட்சேபணை கேட்க வேண்டும். ஒட்டினேன், எங்கள் ஆபீஸ் மாடிப்படிக்கு அடியில். இருபத்தெட்டு நாளில் அதைப் படித்தது ஒரு பல்லி மட்டும்தான்.

"ஒரு ஆட்சேபணைகூட வரலையா? ஒழுங்கா ஒட்டினீங்களான்னு மேல கேப்பாங்களே" என்றார் அதிகாரி. நான் நிரந்தரமாவது அவர் எழுதப்போகும் குறிப்பில்தான் இருந்தது.

சாயங்காலம் மனைவி ஜெனிட்டாவிடம் கெஞ்சினேன். தருவைகுளத்துக்காரி, அவளுடைய சித்தி அந்தக் கூடத்தில்தான் மீன் ஏலம் விடுகிறாள்.

"பேருக்கு ஒரு ஆட்சேபணை எழுதிக் குடு. நாலு வரி போதும்."

"மொதல்ல விதியக் காட்டுங்க."

வாங்கிப் படித்தாள். "'கூடத்துக்குள் அமைதி காக்க வேண்டும்.' ஏலத்த வாயப் பொத்திக்கிட்டா விடுவாவ? 'ஈரமான பொருள்களைக் கொண்டுவரக் கூடாது.' மீனத் துவட்டிக் கொண்டாரணுமாக்கும்! எந்த மடையன் எழுதுனது?"

"ஆபீஸ்ல ஒருத்தன்" என்றேன்.

மறுநாள் வர வேண்டியது நாலு வரி. வந்தது சித்தியும், அவள் பின்னால் முப்பது நாற்பது பெண்களும். கையில் ஆளுக்கொரு ஆட்சேபணை. அதிகாரி மிரண்டுபோய், கூடத்துக்கே வந்து விசாரிப்பதாக வாக்குக் கொடுத்து அனுப்பினார்.

விசாரணையன்று கூட்டத்தில் ஜெனிட்டாவும் நின்றாள். அதிகாரி என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "விதி எழுதுனது இவர்தான். இவரே விளக்கம் சொல்வார்."

ஜெனிட்டா என்னைப் பார்த்தாள். பக்கத்தில்தானே கடல், குதித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். (நீச்சலும் தெரியாது.)

"விளக்கம் எதுக்கு சார்? விதிப்படியே ஒரு ஏலம் விட்டுக் காட்டுதேன்" என்றாள் சித்தி. பெரிய திருக்கை மீன் ஒன்றைத் துண்டால் தலை துவட்டுவதுபோல் துடைத்து எங்கள் முன்னால் போட்டாள். பிறகு வாய் திறக்காமல் புருவத்தைத் தூக்கினாள். ஒரு வியாபாரி தலையசைத்தார். இன்னொருவர் விரலைத் தூக்கினார். கூடமே ஊமைப்படம் ஓட்டியது. அந்த நேரம் பார்த்து என் மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்தது. கையை வீசி விரட்டினேன்.

சித்தி என்னைக் காட்டி, திருக்கையைக் காட்டி, பெரிய கும்பிடாகப் போட்டாள்.

"என்னய்யா நடக்குது?" என்றார் அதிகாரி.

"ஏலம் முடிஞ்சிட்டு சார். மருமவன் எடுத்துட்டாரு."

அதிகாரி சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது. அங்கேயே வரைவைக் குறுக்கே அடித்தார். என் தகுதிகாண் பருவத்தையும் ஆறு மாதம் நீட்டினார். பைக்கில் திருக்கைக்கும் எனக்கும் நடுவே உட்கார மறுத்து ஜெனிட்டா பஸ்ஸில் போனாள்.

அதன்பின் இரண்டு வாரம் விடிகாலையில் கூடத்தில் நின்று, சித்தி சொல்லச் சொல்ல எழுதி, ஜெனிட்டா அடித்துத் திருத்தியதுதான் இன்று நடப்பில் இருக்கும் விதி. நல்ல விதிதான். ஆனால் அவள் வீட்டில் என் பெயரே 'விதி' என்றாகிவிட்டது. இப்போதும் மீன் வாங்கப் போனால் சித்தியின் குரல் கேட்கும்: "ஏளா, வாய மூடுங்க! விதி வாராரு!"

கூடம் மொத்தமும் கப்சிப். அத்தனை கண்ணும் என்மேல். அந்த அமைதியில் பேரம் பேச எனக்கு இன்றுவரை வாய் வந்ததில்லை.