நூற்றிருபது குஞ்சுகளின் முன் நான் வென்ற விவாதம்

நான் பங்குகொண்ட விவாதங்களில் பெரும்பாலானவற்றை வென்றிருக்கிறேன். இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை (சரி, கொஞ்சம் அதற்காகவுந்தான்). பாடசாலை மேடையிலிருந்து பல்கலைக்கழக மேடை வரை எந்தப் பக்கத்தை என்னிடம் ஒப்படைத்தாலும், அந்தப் பக்கத்திலேதான் உண்மை குடியிருக்கிறது என்று நடுவர்களை நம்பவைக்கும் பயிற்சி எனக்கு உண்டு. அவ்வாறு வென்றவற்றுள் ஒன்றை மட்டும் தோற்றிருக்கக் கூடாதா என்று இன்றுவரை வருந்துகிறேன். அந்த விவாதம் எங்கள் வீட்டுப் பின்னறையில் நடைபெற்றது. நடுவர் என் அம்மா. எதிரணி என் தங்கை நிலானி. விவாதப் பொருள், மண்ணெண்ணெய் ஹீற்றரின் திரியை உயர்த்தி வைப்பதா, இறக்கி வைப்பதா என்பது.

வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கத்து வயல்வெளியில், வெயிலை இலவசமாகவும் அளவுக்கு அதிகமாகவும் பெறுகின்ற ஓர் ஊரில் ஹீற்றருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்பது நியாயமே. ஜப்பானில் வேலை செய்த எங்கள் சின்ன மாமா, அங்கிருந்து திரும்பும்போது தம் அறையிலிருந்த அத்தனையையும் பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பிவிட்டார். கம்பளிகள், ஒற்றைக் கையுறை, சோறு அவிக்கும் சட்டி, அவற்றோடு இந்த ஹீற்றர். வெள்ளை நிறம், தூக்கிச் செல்லக் கைப்பிடி, முன்புறம் கம்பி வலை, அதற்குப் பின்னே கண்ணாடி போல் மின்னும் தகடு. ஊரார் அதற்கு 'ஜப்பான் அடுப்பு' என்று பெயரிட்டார்கள். வருகின்ற விருந்தினருக்கெல்லாம் அதன் செயற்பாட்டை விளக்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். இரண்டு ஆண்டுகள் விளக்கினேன். ஒரு தடவைகூட அதைப் பற்றவைத்துப் பார்த்ததில்லை.

அப்போது எனக்கு இருபது வயது. மார்கழி மாத மாரிக்காலம். அம்மா நூற்றிருபது கோழிக்குஞ்சுகள் எடுத்திருந்தார், பிறந்து ஒரு நாள்தான் ஆன குஞ்சுகள். முந்திய மாரியில் எடுத்த குஞ்சுகள் அனைத்தும் குளிரில் இறந்துபோயின. "இந்தமுறையும் செத்தா கோழிக்கூட்டப் பிரிச்சு விறகுக்குப் போட்டிருவன்" என்று அம்மா சொல்லியிருந்தார். அவர் ஒன்றை இரண்டு தடவை சொல்பவர் அல்லர். தனக்கென்று ஒரு தொழில் வேண்டும் என்பது அவருடைய பலநாள் ஆசை. அந்த ஆசை அன்று காலை, துளையிட்ட நான்கு அட்டைப்பெட்டிகளுக்குள் கீச்சிட்டபடி வீடு வந்து சேர்ந்தது.

பின்னறையில் தகரத்தை வட்டமாக வளைத்து, உள்ளே உமி பரப்பி, மேலே மின்குமிழ்களைத் தொங்கவிட்டு, குஞ்சுகளை இறக்கினோம். முதல் கிழமை, ஏழு நாளும், அவற்றுக்குச் சூடு வேண்டும். இல்லையேல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நெரிந்தே இறந்துவிடும். காலை பத்து மணியளவில் புயற்காற்று எழுந்தது. சற்று நேரத்தில் கரண்ட் நின்றது. வயலுக்குப் போயிருந்த அப்பா, வீதியை வெள்ளம் மூடியதால் வயல்வட்டையின் காவற்குடிலிலேயே தங்கிவிட்டார். அவ்வளவு குளிரை எங்கள் ஊரில் நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. பேசும்போது வாயிலிருந்து ஆவி வந்தது. (அந்த நிலையிலும் அது மேடையில் நன்றாக இருக்குமே என்று எண்ணினேன்.)

"மனே, அந்த ஜப்பான் அடுப்ப எடு. ஆக்களுக்குக் காட்டினது போதும்" என்றார் அம்மா.

பெட்டிக்குள் கையேடு இருந்தது. முழுவதும் ஜப்பான் எழுத்து. "இதை யாராலும் வாசிக்க முடியாது" என்று அறிவித்து ஓரமாக எறிந்தேன். நிலானி அதைக் குனிந்து எடுத்தாள். அவளுக்கு அப்போது பதினேழு வயது. மேடை ஏறச் சொன்னால் அழுதுவிடுவாள். ஆனால் எந்தப் பொருளையும் அவிழ்த்து மறுபடி பூட்டிவிடுவாள்.

"அண்ணா, எண்ணெய் விட்ட உடன பத்தவைக்க ஒண்ணாதாம். இஞ்ச மணிக்கூட்டுப் படம் கிடக்கு. அரை மணித்தியாலம் திரி ஊறணும்."

"அரிக்கன் லாம்புத் திரிக்கு மூணு நிமிசம் ஊறினாக் காணும்" என்றேன்.

"பொறுத்தா என்ன குறைஞ்சு போகும்? பொறு" என்றார் அம்மா.

வீட்டிலிருந்த ஒரே கலன் மண்ணெண்ணெயில் பாதியை ஊற்றிப் பொறுத்திருந்தோம். உமிமேல் தகரம் விரித்து, அதன்மேல் சிறிய மரவாங்கு வைத்து, அதன்மேல் ஹீற்றரை ஏற்றினோம். நிலானி திரியை உயர்த்தும் குமிழைத் திருகித் தீயிட்டாள்.

அந்தக் காட்சியை வருணிக்க என் பயிற்சி முழுவதையும் திரட்டிப் பார்த்திருக்கிறேன். இன்றுவரை முழுமையாக முடிந்ததில்லை. முதலில் நீலமாக ஒரு வளையம். பின்னர் அந்த நீலத்தின் மேலிருந்த கம்பிக்கூடு அடியிலிருந்து மெல்லச் சிவந்து, செம்மஞ்சளாகி, முழுவதும் கனிந்தது. புகை இல்லை. சத்தம் இல்லை. இருண்ட மாரிப் பகலில் எங்கள் பின்னறைக்குள் ஒரு சிறு சூரியன் உதித்து அமைதியாக நின்றது. அதைவிட வியப்பு, குஞ்சுகள். நூற்றிருபதும் கீச்சிடுவதை ஒரே நேரத்தில் நிறுத்தின. அந்த ஒளியைச் சுற்றி வட்டமாக அமர்ந்து, ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. எத்தனையோ அரங்குகளில் பேசியிருக்கிறேன். அப்படியொரு அமைதியை எந்த அவையும் எனக்குத் தந்ததில்லை. கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

பொறாமைதான் என்னைப் பேசவைத்திருக்க வேண்டும்.

"இவ்வளவு உயரத்தில் எரிந்தால் மாலைக்குள் எண்ணெய் தீர்ந்துவிடும். திரியை இறக்கவேண்டும்" என்றேன்.

"இறக்க ஒண்ணா. பாரு, சின்ன நெருப்புப் படத்துக்கு மேல குறுக்கும் மறுக்குமா ரெண்டு கோடு கீறிப் பெரிய புள்ளடி போட்டிருக்கு" என்றாள் நிலானி.

"புள்ளடி என்றால் நம்மட நாட்டில் என்ன அர்த்தம்? வாக்குச்சீட்டில் எதற்குப் போடுகிறோம்? பிடித்ததற்கு. ஆகவே சின்ன நெருப்பையே அவர்கள் தெரிவு செய்திருக்கிறார்கள்."

நிலானி வாயடைத்துப் போனாள். (எதிரணி வாயடைத்தால் வாதம் சரி என்றே நான் அந்நாளில் நம்பினேன். அவள் என் முட்டாள்தனத்தை எங்கிருந்து திருத்தத் தொடங்குவது என்று யோசித்திருக்கிறாள்.) அந்த இடைவெளியில் நான் எழுந்து நின்றேன். தலைமுறை தலைமுறையாக அரிக்கன் லாம்பின் திரியை இறக்கி எண்ணெயைச் சிக்கனப்படுத்திய மக்கள் நாம் என்றேன். வெள்ளம் சூழ்ந்த வேளையில் ஒவ்வொரு துளியும் ஓர் உயிர் என்றேன். முத்தாய்ப்பாக, "இறக்குவோம், காப்போம்!" என்று முழங்கி ஹீற்றர் நின்ற வாங்கில் ஓங்கி அறைந்தேன்.

டிக் என்றது. சூரியன் அணைந்தது.

கையேட்டின் ஒரு பக்கத்தை நிலானி விரித்துக் காட்டினாள். அதில் ஒரு வீடு நடுங்கிக்கொண்டிருந்தது. "பூமி ஆடினா தானா அணையுமாம்" என்றாள். நான் நிலநடுக்கம் என்று அங்கீகரிக்கப்பட்டதில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சியே.

அம்மா தீர்ப்பு வழங்கினார். "இவன் சொல்லுறதும் சரிபோலதான் கிடக்கு புள்ள. எண்ணெயும் இல்ல, றோட்டும் இல்ல. இறக்கி வைப்பம்."

வென்றேன்.

மறுபடி பற்றவைத்து, திரியைப் பாதிக்கு இறக்கினோம். சூரியன் சுருங்கி மஞ்சளானது. ஒரு மணித்தியாலத்தில் மண்ணெண்ணெய் நாற்றம் கண்ணைக் கரித்தது. இரண்டு மணித்தியாலத்தில் குமிழ் திருகாமல் இறுகியது. அணைத்து, ஆறவிட்டு, திறந்து பார்த்தோம். திரியின் விளிம்பு தார் பூசியதுபோல் கறுத்துக் கட்டியாகியிருந்தது.

"லாம்புத் திரியை என்ன செய்வோம்? கரியை நறுக்குவோம்" என்று நான் கத்தரிக்கோலோடு வந்தேன். நிலானி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "தீர்ப்பு வழங்கியாயிற்று" என்றேன். லாம்பின் திரி பருத்தி நாடா, நறுக்கினால் புதிதாகிவிடும். இந்தத் திரியோ கண்ணாடி இழையால் வட்டமாக நெய்தது. என் கத்தரிக்கோல் பட்ட இடமெல்லாம் இழை பிரிந்து, ஓரிடம் மேடும் ஓரிடம் பள்ளமுமாக, எங்கள் வீதியைப்போல ஆயிற்று. நான் அதைச் செப்பமான வேலை என்றே கருதினேன்.

பற்றவைத்தேன். மேடான பக்கத்தில் தீ கூட்டுக்கு வெளியே நாக்கு நீட்டியது. அடுத்த கணம் கறுப்பாகப் புகை கிளம்பிக் கூரையைத் தொட்டு, அங்கிருந்து பூப்போலக் கரி இறங்கியது. நூற்றிருபது மஞ்சள் குஞ்சுகளும் என் கண்முன்னே காகக் குஞ்சுகளாயின. அம்மா ஓடிவந்து ஹீற்றரை அணைத்து, கதவு யன்னல் எல்லாவற்றையும் திறந்தார். புகை வெளியே போனது. அதே வழியால் புயற்காற்று உள்ளே வந்தது.

குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறத் தொடங்கின. கீச்சிடும் ஒலி மெலிந்தது. அம்மா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் கரி படிந்த முகத்தோடு ஒரு குஞ்சை உள்ளங்கையில் எடுத்து, அதன் தலை சாய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கத்தரிக்கோலை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"புள்ள, அடுப்பில தண்ணி வை" என்றார் அம்மா.

குஞ்சுகளை அடுப்படிக்கு மாற்றினோம். வெந்நீரைப் போத்தல்களில் நிரப்பி, துணி சுற்றி, பெட்டிகளுக்குள் அடுக்கி, மாமாவின் கம்பளிகளால் மூடினோம். சோர்ந்துபோனவற்றை உடம்போடு அணைத்துக்கொள்ள வேண்டும் என்றார் அம்மா. போட்டிகளுக்கென்று தைத்த என் கறுப்புக் கோட்டு ஒன்று இருந்தது. அதை அணிந்து பொத்தானிட்டேன். அதற்குள் இருபது குஞ்சுகளை அம்மா இட்டார். அவை என் நெஞ்சில் நடுங்கின. ஒவ்வொன்றின் இதயமும் துடிப்பதைத் தனித்தனியாக உணர்ந்தேன். பயத்தில் என்னையறியாமல் முணுமுணுத்தேன். "மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க" என்றுதான் சொன்னேன் போலும். குஞ்சுகள் நடுக்கத்தை நிறுத்தி ஒடுங்கின. திடுக்கிட்டு நானும் நிறுத்தினேன்.

"நிப்பாட்டாத மனே. பேசு. உன்ட நெஞ்சு அதிர்றது அதுகளுக்குத் தாய்க்கோழி மாதிரிக் கிடக்கு."

பேசினேன். அடுத்த போட்டிக்குத் தயாரித்த உரையை முதலில் என் பக்கமாகவும், பிறகு எதிர்ப்பக்கமாகவும் தாழ்ந்த குரலில் சொன்னேன். அது தீர்ந்ததும் வாய்ப்பாடு சொன்னேன். கேட்டவர்கள் தூங்கத் தூங்க நான் மகிழ்ந்த ஒரே உரை அதுதான்.

இதற்கிடையில் நிலானி ஹீற்றர் வந்த பெட்டியின் அடியைத் துழாவி, உறை பிரிக்காத புதுத் திரி ஒன்றை எடுத்து வந்தாள். இரண்டு ஆண்டுகளாக நான் விளக்கமளித்துவந்த பெட்டிக்குள் அது இருப்பதே எனக்குத் தெரியாது. ஹீற்றரையும் அடுப்படிக்குத் தூக்கி வந்து, படத்தைப் பார்த்துப் பார்த்து நான்கு திருகாணிகளைக் கழற்றினாள்.

"கத்தரிக்கோல் படத்துக்கும் புள்ளடி போட்டிருக்கு அண்ணா. இதுக்கும் நீதானா வாக்குப் போட்ட?"

நான் பதினாறாம் வாய்ப்பாட்டில் இருந்தேன். நிறுத்தவில்லை.

புதுத் திரி ஊற மறுபடி அரை மணித்தியாலம். அம்மா போத்தல்களை மாற்றிக்கொண்டே இருந்தார். மூன்று பேரும் சுவரிலிருந்த மணிக்கூட்டையே பார்த்தோம். பிறகு நிலானி தீயிட்டாள். திரியை முழுவதும் உயர்த்தினாள். யன்னலை நாலு விரல் திறந்துவிட்டாள். நீல வளையம் வந்தது. கம்பிக்கூடு அடியிலிருந்து சிவந்தது. காலையில் அதைக் கண்டு வியந்தவன் அறியாமையால் வியந்தான். அப்போது வியந்தவனுக்கு அது அணைந்தால் என்ன ஆகும் என்று தெரிந்திருந்தது. இரண்டு வியப்பும் ஒன்றல்ல. கோட்டின் பொத்தானைக் கழற்றினேன். கோட்டிலிருந்தும் பெட்டிகளிலிருந்தும் கரிய குஞ்சுகள் ஒவ்வொன்றாக இறங்கி, தள்ளாடி, ஒளியை நோக்கி நடந்து, வட்டமாக அமர்ந்தன.

அம்மா எண்ணினார். நூற்றுப் பதினொன்று.

மிகுதி ஒன்பதையும் மழை ஓய்ந்ததும் வேலியோரம் நானே புதைத்தேன். எண்ணெய், நான் பயமுறுத்தியதுபோல் தீர்ந்துவிடவில்லை. கரண்ட் வந்தபோது ஹீற்றரின் எண்ணெய்த் தாங்கியில் இன்னும் இரண்டு விரல் மிச்சமிருந்தது.

கூட்டை அம்மா பிரிக்கவில்லை. இன்று அது மூன்று கூடுகளாகியிருக்கிறது. ஹீற்றரின் பராமரிப்பு எனக்குத் தரப்பட்ட ஆயுள் தண்டனை. ஒவ்வொரு மாரியின் முடிவிலும் முற்றத்துக்குத் தூக்கிச் சென்று, எண்ணெய் வற்றித் தானாக அணையும்வரை எரியவிட்டு, திரியில் படிந்த கரியைத் தீர்த்து, தகட்டைத் துடைத்து, உறையிட்டு வைப்பேன். பழைய எண்ணெயை மறு வருடத்துக்கு வைப்பதில்லை. விருந்தினர் வந்தால் விளக்கம் நிலானி அளிப்பாள்.

அண்மையில் கொழும்பில் ஓர் இறுதிப் போட்டியில் வென்றேன். கிண்ணம் கையிலிருக்கும்போதே வீட்டுக்கு அழைத்தேன்.

"அம்மா, வெண்டிட்டன்."

"சந்தோசம் மனே." பின்னால் நிலானி சிரிப்பது கேட்டது. "மறுகா, எதிர்ப்பக்கத்தில எத்தனை உசிர் மிச்சம்?" என்று அம்மா கேட்டார்.

திரும்பிப் பார்த்தேன். மேடையோரம் எதிரணியினர் பிளேன்ரீ குடித்துக்கொண்டு நின்றனர். நான் எண்ணினேன்.

"மூணு பேரும் நல்லா இருக்காங்க அம்மா" என்றேன்.