மெஷினின் நெற்றி எது?

பிள்ளைகளா, உங்கள் மாமா நம் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திவிட்டு, "மாப்ள, இப்ப வைங்க" என்று என்னிடம் நெற்றியை நீட்டுவது ஏன் என்று கேட்டீர்கள். இங்கிலீஷில்தான் கேட்டீர்கள். பரவாயில்லை, நான் தமிழிலேயே எழுதுகிறேன். உங்கள் அம்மாவைச் சொல்லவிட்டால் இன்னும் மோசமாகச் சொல்வாள்.

மாமா அப்போது பேராசிரியர் ஆகவில்லை. பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பாடம் எடுத்துக்கொண்டு, சென்சர் சென்சர் என்று அலைந்துகொண்டிருந்தார். (சென்சர் என்றால் மெஷினுக்கு வைக்கும் கண் என்று எனக்கு விளக்கியும் இருந்தார். நான் கவனித்திருக்கலாம்.) நான் புக்கெகோஹி என்ற ஊரில், வெங்காயம் தரம் பிரிக்கும் ஷெட்டில், பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினேன். வெங்காயத்தை வெட்டாமலே, ஒளி பாய்ச்சி, உள்ளே அழுகலா என்று சொல்லும் மெஷின் ஒன்றை அவர் செய்திருந்தார். என் முதலாளியிடம் கெஞ்சி, அதை எங்கள் ஷெட்டில் ஓட்டிக் காட்ட ஏற்பாடு செய்தவன் நான்தான்.

"விவசாயிங்க சரின்னா ஆராய்ச்சி ஓடும் மாப்ள. இல்லன்னா கடைய மூட வேண்டியதுதான்" என்றார்.

அவ்வளவு பெரிய காரியத்துக்குப் பொட்டு வைக்காமல் எப்படி? நம் வீட்டில் வாஷிங் மெஷினே பொட்டு வைத்த பிறகுதான் தண்ணீர் குடித்தது. மாமா விவசாயிகளுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்து நான் மெஷினிடம் போனேன். நெற்றி எது என்று தேடினேன். நடுவில் வட்டமாக, பளபளவென்று ஒரு கண்ணாடி. சந்தனத்தைத் தாராளமாக அப்பி, மேலே குங்குமம் வைத்து, கும்பிட்டும் கொண்டேன்.

மெஷின் ஓடியது. முதல் வெங்காயம் அழுகல். அடுத்ததும் அழுகல். புக்கெகோஹியின் மொத்த விளைச்சலும் அழுகல் என்று எல்லாவற்றையும் குப்பைத் தொட்டிக்குள் தள்ளியது. முதலாளி தொட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வெட்டினார். உள்ளே வெள்ளை வெளேர். அவர் கண்ணில் நீர் வந்தது வெங்காயத்தால். மாமா கண்ணில் வந்தது வேறு காரணத்தால்.

மாமா குனிந்து கண்ணாடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாப்ள, வெரலக் காட்டுங்க."

காட்டினேன். சிவப்பு.

"அது அதோட கண்ணு லா."

"நெத்தின்னு நெனச்சேன் மச்சான்."

துடைத்ததும் மெஷின் ஒழுங்காகத்தான் ஓடியது. ஆனால் ஒரு வயதான விவசாயி கேட்டுவிட்டார்: ஷெட் என்றால் தூசி விழத்தான் செய்யும், தன் கண் மறைந்தது தனக்கே தெரியாத மெஷினை எப்படி நம்புவது? பதில் கிடைத்தால் வா, வெங்காயம் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்களும் போய்விட்டார்கள். திரும்பும்போது காரில், மனுகாவ் ஊரைத் தாண்டியதும் மாமா, "பெரியவர் கேட்டது சரிதான் மாப்ள" என்றார்.

அந்தக் கேள்வியையே பிடித்துக்கொண்டு சில வருடம் கிடந்தார். கண் மறைந்தால் தானே தெரிந்துகொண்டு நின்றுவிடும் சென்சரைச் செய்தார். அதுதான் அவரைப் பேராசிரியர் ஆக்கியது. (நான் ஆக்கினேன் என்று சொல்லவில்லை. உங்கள் அம்மா முன்னால் சொல்லவே மாட்டேன்.)

புது மெஷினை எங்கள் ஷெட்டுக்கே கொண்டுவந்தார். அதே விவசாயிகள். எல்லோர் முன்னாலும், "மாப்ள, பொட்டு வைங்க" என்றார். கண்ணிலேயே வைத்தேன். மெஷின் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. அந்தப் பெரியவர் கை தட்டினார்.

எல்லோரும் போன பிறகு நான் மட்டும் ஷெட்டில் நின்றேன். சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தேன். விளக்கு அணைந்தது. பிறகு மெஷினைச் சுற்றிப் பின்பக்கம் போய், வயர் நுழையும் ஓட்டைக்குக் கீழே, அதன் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, சின்னதாக ஒரு பொட்டு வைத்தேன்.