ரெண்டும் ஒண்ணுதான் சிவசாமி

நம் மலைநாட்டில் ஒரு வகை மனிதர் உண்டு. ஒரு பாட்டை ஒரு பாட்டாகக் கேட்க அவரால் முடியாது. பக்கத்தில் இன்னொரு பாட்டைக் கொண்டுவந்து நிறுத்தி, இரண்டுக்கும் மூக்கு ஒன்றா, முழி ஒன்றா என்று பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். கோயில் பஜனையைக் கேட்டால் மாதா கோயில் பாட்டு ஞாபகம் வரும். மாதா கோயில் பாட்டைக் கேட்டால் சிங்கள பைலா ஆட்டப்பாட்டு ஞாபகம் வரும். தாலாட்டு கேட்டால் பிள்ளை தூங்கிவிடும், இவர் தூங்கமாட்டார். "இத எங்கயோ கேட்டிருக்கேனே!" இதுதான் அந்த இனத்தின் கூவல். நீங்களும் கேட்டிருப்பீர்கள், இல்லையா?

வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இந்த இனத்துக்குத் தலைவர் சிவசாமி. ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விடுகிறவர். கோயில், புத்தர் பன்சலை, மாதா கோயில், கல்யாண வீடு என்று எல்லா இடத்திலும் வயர் இழுத்து, எல்லாருடைய மேளத்தையும் கேட்டுக் காது நிறைந்துபோனவர். நல்ல மனிதர். எறும்பைக்கூட மிதிக்கமாட்டார். ஒரே குறை, மைக்கும் அவர் கையில்தான் இருக்கும்.

இந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவில் மீனம்மா மழைக்குப் பயப்படவில்லை, அந்த மைக்குக்குத்தான் பயந்தாள். அவள் மகள் பிரேமினிக்கு நானுஓயாப் பக்கம் ஒரு சம்பந்தம் கூடிவந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா லெட்சுமி ஒரே பிடியாக நின்றாள். "ஒங்க தோட்டத்து மாரியம்மா வாயால வாக்கு வரட்டுங்க. அப்புறந்தான் பரிசம்." அம்மன், சாமியாடும் காளியாயி மேல்தான் இறங்குவாள். அதுவும் வருஷத்தில் ஒரே நாள், நல்லமுத்து அண்ணன் தப்பு மேளம் அடித்தால்.

பின்னேரம் மூன்று மணிக்கு நல்லமுத்து மேளத்தை நெருப்பில் காய்ச்சி அடிக்கத் தொடங்கினார். காளியாயியின் கால் ஆடியது. தலைமுடி அவிழ்ந்தது. மீனம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். இன்னும் ஒரு சுற்று போதும்.

"கேளுங்க, கேளுங்க!" என்றது மைக். "இது அப்படியே பன்சலை பெரஹெரா ஊர்வலத்து அடி! நாலு அடி, ஒரு இழுப்பு, கடைசியில ரெண்டு வெட்டு! அண்ணே, அந்த எடத்த மட்டும் மெதுவா அடிங்க, சனங்களுக்கு வெளங்கட்டும்."

நல்லமுத்து திகைத்து நிறுத்திவிட்டார். காளியாயி கண்ணைத் திறந்து, சாதாரணக் குரலில், "கொஞ்சம் தண்ணி குடுங்கடி" என்றாள்.

போச்சு.

மறுபடி அடிக்கலாமே என்கிறீர்களா? மேளத்தை நிறுத்தினால் நம் ஊர் பனி சும்மா இருக்குமா? தோல் தொய்ந்து, அடித்தால் தலையணையைத் தட்டுவதுபோல் இருந்தது. நல்லமுத்து முணுமுணுத்துக்கொண்டே மறுபடி காய்ச்ச மிலாறு விறகு தேடிப் போனார்.

லெட்சுமி முந்தானையை உதறி எழுந்தாள். "அம்மாவுக்கே இஷ்டமில்ல போல. நாங்க ரயிலுக்குப் போறோங்க."

"கொஞ்சம் இருங்க சம்பந்தி" என்றாள் மீனம்மா. பிரேமினி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சிவசாமி அண்ணே, ஒங்க வாய்க்கு ஒரு சுவிட்சு இல்லையா?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

இந்த இனத்துக்குச் சங்கடம் வந்தால் மன்னிப்பு வராது, ஆதாரம்தான் வரும். சிவசாமி போனை எடுத்து ஸ்பீக்கரில் செருகினார். "ஒரு தடவ கேட்டீங்கன்னா நீங்களே சொல்லுவீங்க." பெரஹெரா மேளம் இரண்டு ஸ்பீக்கர் குழாயிலும் முழங்கியது. நாலு அடி, ஒரு இழுப்பு, ரெண்டு வெட்டு.

காளியாயியின் கையிலிருந்த செம்பு உருண்டது. ஒரே பாய்ச்சலில் சந்நிதிக்கு முன்னால் நின்று ஆடினாள். ஆத்தா வந்துவிட்டாள்! கூட்டம் குலவையிட்டது. "சிவசாமி சொன்னது சரிதாம்ப்பா, ரெண்டும் ஒண்ணுதான்!"

வாழ்நாளில் முதல்முறையாக ஊரே அவர் பேச்சை ஒத்துக்கொண்டது. அவருக்கு அது தாங்குமா? "இல்லைங்க, அவசரப்படாதீங்க," என்று மைக் மறுபடி கரகரத்தது. "ஒத்துமை இருக்கு, ஆனா ஒண்ணு இல்ல. அந்த இழுப்பு நம்மகிட்ட கொஞ்சம் குட்டை..."

"அவன் பேச்ச நிறுத்து!" என்றாள் ஆத்தா.

யாரையும் அதட்டிப் பழக்கமில்லாத மீனம்மாதான் பாய்ந்துபோய் மைக்கைப் பிடுங்கினாள். பிடுங்கியதோடு விடவில்லை, அதைக் காளியாயியின் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"பிள்ளைய ஒனக்குக் குடுத்துட்டேன்டி லெட்சுமி. ஆவணியில கூட்டிட்டுப் போ."

வாக்கு இரண்டு குழாயிலும் ஏறி, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை, கீழ்க்கணக்கு லயங்கள், ரோட்டில் நின்ற பஸ் வரைக்கும் கேட்டது. இனி யார் இல்லை என்று சொல்வது? லெட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மீனம்மா அழுதுகொண்டே சிரித்தாள். தாயைப் பிள்ளை எந்தப் பாஷையில் கூப்பிட்டால் என்ன, வந்துவிடுகிறாள்.

சிவசாமி? காய்ச்சிய மேளத்தோடு ஓடிவந்த நல்லமுத்துவை ஓரங்கட்டி, "அந்த இழுப்ப ஒருக்கா அடிங்கண்ணே" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று, மனசைத் தொட்டுச் சொல்லுங்கள்: இதைப் படிக்கும்போதே, "எங்கள் தோட்டத்திலும் அப்படியே ஒருத்தர் இருக்கிறார், என்ன, கொஞ்சம் உயரம்" என்று பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தீர்கள்தானே? மைக் கிடைத்தால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.