சமையல் மேடையில் ஜோப் விசார்ட்

"கல்லைக் காணோம்!" என்று கத்திக்கொண்டே தாம்சின் சமையலறைக்குள் நுழைந்தாள். முழங்கால்வரை கல்லறைத் தோட்டத்துச் சேறு.

அப்பா ரூபன் பக்லர் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அம்மா எஃபி ஆப்பிள் பைப் பலகாரத்துக்காகச் சமையல் மேடையில் மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கல்லுடி?"

"ஜோப் விசார்டு கல்லும்மா! இடுப்பளவு செந்தட்டியை இப்பத்தான் வெட்டிப் பார்த்தேன், மொட்டையா கிடக்கு. நியூசிலாந்துலேர்ந்து அந்தம்மா பதினோரு மணிக்கு வந்துடுவாங்க. 'இதுதான் உங்க கொள்ளுத்தாத்தா'ன்னு எதைக் காட்டுவேன்? செந்தட்டியையா?"

நெதர்கோம் ஊரில் சாவதற்கும் தராதரம் உண்டு. மாளிகைக்காரர்கள் தேவாலயத்துக்குள்ளே பளிங்குக்கு அடியில். கூலிக்காரர்கள் வெளியே வடக்கு மூலையில், வெயிலே படாத செந்தட்டிப் புதருக்கு அடியில். அந்த மூலையையும் வழித்துத் தார் போட்டு, தன் மகள் கல்யாணத்துக்கு வரும் கார்களை நிறுத்தவேண்டும் என்று கிளம்பியிருந்தாள் மாளிகைச் சீமாட்டி ஹொனோரியா ஃபென்விக். "கேட்க நாதியில்லாத ஆளுங்கதானே அங்க கிடக்காங்க?" என்று ஊர்க்கூட்டத்திலேயே கேட்டாள்.

தாம்சினின் நாலு தலைமுறை அங்கேதான் கிடந்தது. கல் வைக்க வக்கில்லாததால் மரச்சிலுவை நட்டார்கள். மரம் மக்கி மண்ணாயிற்று. பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்த முதல் பக்லர் அவள். அந்தப் படிப்புக்கு ஊர் மதுக்கடையில் கோப்பை கழுவும் வேலைதான் கிடைத்தது என்றாலும், பழைய புகைப்படம் ஒன்றில் வடக்கு மூலையில் ஜோப் விசார்ட் என்று பெயர் தெரிந்த ஒற்றைக் கல்லைக் கண்டுபிடிக்க அது போதுமானதாக இருந்தது. பாதிரியார் மார்ட்டிமர் இரண்டு பக்கமும் பகைத்துக்கொள்ளாமல் தீர்ப்புச் சொன்னார்: பெயர் பொறித்த ஒரு கல், 'உள்ளே கிடப்பது எங்கள் ஆள்' என்று சொல்ல ஒரு வாரிசு. இரண்டும் இருந்தால் மூலையைத் தொடமாட்டார்கள்.

வாரிசு வந்துகொண்டிருந்தது. கல்தான் இல்லை.

"அது வந்து..." என்று அப்பா இருமினார். "புல்லு வெட்ட இடைஞ்சலா இருக்குன்னு முந்தின பாதிரியாரு கல்லையெல்லாம் பிடுங்கிச் சுவரோரம் சாத்தச் சொன்னாரா, நான்தான் பிடுங்கினேன். அதுல ஒண்ணு நல்லா வழவழன்னு இருந்துச்சு..."

"இருந்துச்சு?"

அப்பா மெல்ல அம்மாவின் பக்கம் திரும்பினார். அவள் தேய்த்த மாவுக்கு அடியில் இருந்த கல்லைப் பார்த்தார்.

அம்மாவின் உருட்டுக்கட்டை அந்தரத்தில் நின்றது.

"யோவ், கல்யாண நாள் பரிசுன்னுதானேய்யா கொடுத்தே!"

"குளுகுளுன்னு இருக்கு, மாவே ஒட்டலைன்னு நீதானே ஊரெல்லாம் பெருமை அடிச்சே?"

"இத்தனை வருஷமா பொணத்து மேலயா மாவு தேச்சேன்?"

"பொணம் அங்கேயேதான் இருக்கு. கல்லு மட்டும்தான் இங்க."

மூவரும் சேர்ந்து கல்லைப் புரட்டினார்கள். மேலே இருந்த ஆப்பிள் பைகளும் வெண்ணெய்க் கிண்ணமும் தரைக்குப் போயின. அடிப்பக்கத்தில் எழுத்து பளிச்சென்று இருந்தது: 'ஜோப் விசார்ட். மில் குளத்தில் மூழ்கினான். முகம் தெரியவில்லை, கோட்டை வைத்தே அடையாளம். உடன் உழைத்தவர்கள் வைத்த கல்.'

"பாவம்," என்றாள் அம்மா. "ஆனா புளுகாம எழுதியிருக்காங்க. பளிங்குக்காரனுங்க மாதிரி இல்ல."

தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். மாளிகை வாசலுக்கு இறங்கும் சரிவில் அப்பா மூக்கைச் சிந்தக் கையை எடுத்தார், மகள் பிடித்திருக்கிறாள் என்று நினைத்து. தாம்சின் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்பா பிடித்திருக்கிறார் என்று நினைத்து. வண்டி யாரையும் நம்பாமல் தானே ஓடிப்போய் மாளிகை வாசல் தூணில் முட்டியது. கல் இரண்டாகப் பிளந்தது. தூண்மேல் இருந்த கல் சிங்கத்துக்கு மூக்கு போயிற்று.

"மூக்கை எடுத்துச் சட்டைப்பையில போடுங்கப்பா! யாரும் பார்க்கலை!"

"சிங்கம் பார்த்துச்சேடி."

ஒட்டுவதற்குச் சிமெண்டு தேட நேரமில்லை. அம்மா வீட்டுக்கு ஓடி, புட்டிங்குக்கு வைத்திருந்த வெல்லப்பாகைச் சுடச்சுடக் கொண்டுவந்து ஊற்றினாள். அவசரத்தில் அப்பா கீழ்ப்பாதியை மேலேயும் மேல்பாதியைக் கீழேயும் வைத்து ஒட்டிவிட்டார். 'முகம் தெரியவில்லை' என்று தொடங்கி 'மில் குளத்தில் மூழ்கினான்' என்று முடிந்தது கல். பிரிக்கப் பார்த்தால் வரவில்லை.

"தலைகீழா விழுந்துதான் செத்திருப்பான். பொருத்தமாத்தான் இருக்கு," என்றார் அப்பா.

புகைப்படத்தில் இருந்த மரத்தை அடையாளமாக வைத்து, வடக்கு மூலையில் குத்துமதிப்பாகக் கல்லை நட்டுவிட்டு நிமிர்ந்தபோது பாதிரியார் வந்துகொண்டிருந்தார். கூடவே குண்டாக, சிவந்த கன்னத்தோடு, நியூசிலாந்திலிருந்து வந்த நைரி விசார்ட். நொறுங்காமல் தப்பிய ஒரே ஆப்பிள் பையை அம்மா அவர் கையில் திணித்தாள். பின்னாலேயே சீமாட்டி, இரண்டு நாய்களோடு.

நாய்கள் கல்லைக் கண்டன. ஓடிவந்து நக்கத் தொடங்கின.

"கல்லறைமேல என்ன பாசம் பாருங்க!" என்றாள் தாம்சின், வேறு வழியில்லாமல்.

பெரிய நாய் பாகை ஒரு இழு இழுத்ததில் மேல்பாதி மெல்ல வழுக்கி, பாதிரியார் காலடியில் சரிந்தது. சீமாட்டி குனிந்து முகர்ந்தாள்.

"பாதிரியாரே, கல்லறைக் கல்லுல வெண்ணெய் வாசம் வருமா? இது எஃபி பக்லர் வீட்டு மேடை! ஆப்பிள் பை வாங்கப் போனப்போ நானே பார்த்திருக்கேன். இவங்க வீட்டுக் கல்லைக் கொண்டாந்து நட்டு யாரை ஏமாத்தறா இந்தப் பொண்ணு?"

தாம்சினுக்குக் கோபம் தலைக்கேறியது. "எங்க வீட்டுக் கல்லு இல்ல, இங்க இருந்த கல்லு! தேவாலயத்துக்குள்ள உங்க குடும்பத்துப் பெரகிரினுக்கு ஆள் உயரத்துக்குப் பளிங்கு வெச்சிருக்கீங்களே, அவரு இந்த ஊர்ல சாகக்கூட இல்லையே! சாகாதவனுக்கு உள்ள இடம், செத்தவன் மேல காரா?"

"பெரகிரின் எங்க பேரைக் கடல்கடந்து கொண்டுபோனவர்," என்றாள் சீமாட்டி. "இந்தக் குடிகாரன் குளத்துல விழுந்த அதே வாரம் அவர் நியூசிலாந்துக்குக் கப்பலேறினார். அதுக்கப்புறம் ஒரு கடுதாசி போடக்கூட நேரமில்லை. அவ்வளவு பெரிய காரியங்கள்!"

பாதிரியார் கைகளைப் பிசைந்தார். "தாம்சின், இடம் மாறின கல்லை மட்டும் வெச்சு நான் ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. வாரிசுதான் சொல்லணும். திருமதி விசார்ட், உங்க கொள்ளுத்தாத்தா இந்த மூலையில இருக்கார்னு நீங்க உறுதியாச் சொல்ல முடியுமா?"

நைரி ஆப்பிள் பையின் கடைசித் துண்டை விழுங்கினார்.

"முடியாது."

தாம்சின் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். சீமாட்டி முதல்முறையாகச் சிரித்தாள்.

"ஆனா இங்க ஒரு ஆள் கிடக்கார். அது நிச்சயம்," என்றார் நைரி. "அதுக்கு மன்னிப்புக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

கையைத் துடைத்துக்கொண்டு, கல்லின் பக்கம் திரும்பாமல், நேராகப் போய்ச் சீமாட்டியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மனசைத் தேத்திக்கோங்க தாயி, அன்னைக்குக் குடிச்சிட்டு பெரகிரினும் ஜோப்பும் கோட்டை மாத்திப் போட்டுக்கிட்டாங்களாம்; ஒருத்தர் குளத்துல விழவும், கொலைப்பழி விழுந்துடும்னு பயந்து பெரகிரின்கிற பேர்ல கப்பலேறி, அங்க இறங்கினதும் பழைய பேருக்கே திரும்பினது எங்க கொள்ளுத்தாத்தா, இங்க செந்தட்டிக்கு அடியில எங்க கோட்டோட கிடக்கிறது உங்க ஆளு."