மூணுவிரல் கம்பவுண்டர்

நாஞ்சில் நாட்டில் ஊரான் வீட்டு நடையேறி, "வாயைத் திற" என்று அதட்டிவிட்டு அடி வாங்காமல் திரும்பிய ஒரே மனிதர் மூணுவிரல் கம்பவுண்டராகத்தான் இருக்கும். சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. மேற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை. வாய்ப்புற்றுக்கு ரேடியம் வைத்து வீடு திரும்பியவர்களைத் தேடிப்போய்ப் பார்ப்பது அவர் பொறுப்பு.

சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் இருக்கும். நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. வடசேரியில் என்னோடு இருந்த அக்காவுக்குப் போயிலை கொடுத்த சீதனம், கன்னத்தில் புற்று. ரேடியத்தில் புண் ஆறியது. ஆனால் தாடை இறுகி வாய் பூட்டிக்கொண்டது. கிண்டிச் செம்பின் மூக்கைப் பல்லிடுக்கில் வைத்துக் கஞ்சி ஊற்றினோம். புற்று திரும்பி வருமோ என்ற பயம் வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி கூடவே இருந்தது.

புதன்கிழமை தோறும் தெருமுனையிலேயே கம்பவுண்டரின் தொண்டை கேட்கும்.

"எம்மா! ஒங்க விரலு மூணும் வாய்க்குள்ள நெட்டுக்குப் போகணும். கொறஞ்சா அது வாயில்ல, உண்டியலாக்கும்!"

தட்டையான மரக்குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையில் வைத்து நூறு எண்ணுவார். வாரத்துக்கு ஒரு குச்சி கூடும். அக்கா கண்ணீர் விடுவாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு எண்ணுவார். அவளுக்கு வாய் திறக்கத் திறக்க அவர் வாயும் தானாகத் திறக்கும். ஒருநாள் ஈ புகுந்துவிட்டது. இருமிக்கொண்டே எண்ணினார்; ஒரு எண்ணைக்கூட விடவில்லை.

அரிசிப்பானைக்குள் அக்கா ஒளித்திருந்த போயிலையை மோப்பம் பிடித்து எடுத்தவரும் அவரே. அதோடு விட்டாரா? தெருக்கடைக்காரரிடம் போய், "இந்த வீட்டுக்கு இனி ஒரு இணுக்கு குடுத்தேருன்னா, ஒம்ம வாயைத் தெறந்து பாப்பேன்" என்றார். கடைக்காரர் அன்றைக்கே போயிலைப் பெட்டியை உள்ளே வைத்துவிட்டார்.

இரண்டு விரல் நுழையத் தொடங்கிய ஒரு புதன்கிழமை, டார்ச் அடித்துப் பார்த்தவர் சட்டென்று அடங்கிப்போனார். குச்சியை எடுக்கவில்லை. எண்ணவில்லை. என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"வேய், பழைய எடத்துல வெள்ளையா என்னமோ தெரியுது. நாளைக்கு மொத பஸ்ஸுல கூட்டிக்கிட்டு வாரும்."

"புத்து திரும்பி வந்துட்டா கம்பவுண்டரே?"

"தெரியாது" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து மெதுவாக வந்து நான் கேட்ட முதல் வார்த்தை அது.

மறுநாள் பஸ்ஸில் அக்கா என் கையை விடவேயில்லை. ஆஸ்பத்திரி வாசலில் கம்பவுண்டர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார். "ராத்திரி ஒரு பொட்டு கண்ணடைக்கேல" என்றார்.

உள்ளே டாக்டர் நெடுநேரம் பார்த்தார். சிறு இடுக்கியை உள்ளே விட்டார். வெளியே எடுத்ததை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மரச்சீனிக் கிழங்கின் நார்! ரேடியத்தால் உமிழ்நீர் வற்றிய வாயில், தழும்புப் பள்ளத்தோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. கஞ்சி மட்டும் குடிக்கச் சொல்லியிருந்தும் அக்கா, அடுக்களையில் கிழங்கு அவித்துக் கள்ளத்தனமாகத் தின்றிருக்கிறாள்.

"புத்து இல்ல, ஆறின எடம் சுத்தமா இருக்கு" என்றார் டாக்டர்.

கம்பவுண்டர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அழுதாரா சிரித்தாரா தெரியவில்லை. பிறகு எழுந்து கத்தினார்: "கெழங்கு தின்ன வாயி, எனக்கு ரெண்டு விரலுதான் காட்டுமா?"

வடசேரிச் சந்தையில் தனக்கும் வேலை இருக்கிறது என்று எங்களோடு பஸ் ஏறினார். அது பொய். ஏறியதும் என் தோளில் சாய்ந்து வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டார். வடசேரி வந்தது. கண்டக்டர் சத்தம் போட்டார். எழுப்பாதே என்று அக்கா கையைக் காட்டினாள்.

எங்கள் ஊர் தாண்டி, சுசீந்திரம் வரை டிக்கெட் எடுத்தோம்.