மூச்சைப் பிடித்த மீடியம்

திருப்பூரில் முதலாளியை நம்பி ஓடும் கம்பெனி உண்டு, மெஷினை நம்பி ஓடும் கம்பெனி உண்டு. ஒருத்தனுடைய நெஞ்சளவை நம்பி ஓடியது எங்கள் பனியன் கம்பெனி ஒன்றுதான்.

அவனுக்குப் பேரே மீடியம். எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்கும் மீடியம் சைஸ் அச்சு அசலாக அவன் உடம்பில் இருந்தது. எந்த சாம்பிள் தைத்தாலும் அவனுக்குப் போட்டு, டேப்பும் கையுமாக நான் சரிபார்த்த பிறகுதான் அனுப்புவோம். அந்த உடம்பை அப்படியே வைத்திருந்தால் போதும். அதுகூட முடியவில்லை மகராசனுக்கு.

ஜிம் உடுப்பு ஆர்டர் ஒன்று வந்தது. அதோடு வந்த அட்டையில் இருந்த கட்டுமஸ்தான ஆளைப் பார்த்தான்; போச்சு! மறுநாளே ஜிம்மில் சேர்ந்தான். துணி ரோலைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னால் "அது லோடுமேன் வேலைங்க" என்பவன், அங்கே காசு கொடுத்து லாரி டயரைப் புரட்டினான். புரட்டியதைத் திரும்ப அதே இடத்துக்குப் புரட்டினான். அதை ஒருத்தன் போனில் படம் வேறு பிடித்தான். என்ன கருமமோ!

மாவு மாவாகக் கரைத்துக் குடித்து லார்ஜ் ஆனான். பிறகு டயர் பழசாகிவிட்டதாம். பாட்டுப் போட்டுக் குதிக்கிற கூட்டத்தில் சேர்ந்து, சோற்றையும் விட்டு, ஸ்மால் ஆனான். துணி சுருங்கினால் சாயப்பட்டறையைத் திட்டலாம். இவன் சுருங்கினால் யாரைத் திட்டுவது?

"ஏப்பா, ஒரு மாசமாவது ஒரே சைஸ்ல இருக்க மாட்டியா?"

"உங்களுக்கு ஃபிட்னஸ்னா என்னன்னே தெரியாதுங்க மாஸ்டர். பாருங்க, நான் நல்லா இருக்கறேன்னு வாட்சே சொல்லுது."

"நீ நல்லா இருக்கறத வாட்சு சொல்லோணுமாக்கும்?"

மறுபடி பளு தூக்கும் சீசன் வந்து, மறுபடி லார்ஜ் ஆனான். அந்த நேரம் பார்த்து பையரே நேரில் வருவதாகத் தகவல். வேறு ஆளை நிறுத்தவும் வழியில்லை. சாம்பிளோடு அனுப்பும் போட்டோவில் பார்த்துப் பார்த்து, மீடியம் என்றாலே பையருக்கு இவன் முகம்தான். முதலாளி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "சாம்பிள் உனக்குச் சேரலீன்னா ஆர்டர் போயிரும் கண்ணு. ஆர்டர் போனா நீயும் போயிரோணும்."

பையர் வந்தார். இவனைப் பனியனுக்குள் திணிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. மூச்சை அடக்கி, நெஞ்சை ஒடுக்கி நின்றான். டேப் வைத்தேன். அளவு சரி! பையர் முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினான். முகம் கறுத்து, கண் பிதுங்கியது. பாவி, செத்துத் தொலையப் போகிறானே என்று அவசரமாக டேப்பைச் சுருட்டினேன். பையர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வெளியே போனார்.

"போதும், மூச்சு உட்டுக்க கண்ணு" என்றேன்.

ஒரே மூச்சுதான். பனியனின் இரண்டு அக்குளும் டர்ரென்று கிழிந்தன. அப்படியே தரையில் உட்கார்ந்து, "ஆர்டர் கெடச்சுருச்சுங்களா மாஸ்டர்?" என்றான்.

கிடைத்தது. அவன்தான் பிறகு தானாகவே வேலையை விட்டுப் போய்விட்டான்.

இப்போது அவன் வீரபாண்டிப் பக்கம் ஒரு ஜிம்மில் டிரெய்னர். ஊரையே டயர் புரட்ட வைக்கிறானாம், விளங்கினாப்பலதான்! எங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் பொம்மை வந்திருக்கிறது. டயட் இல்லை, வாட்ச் இல்லை, வாய் இல்லை, என்றைக்கும் மீடியம். ஆனாலும் அளவெடுத்து முடித்து டேப்பைச் சுருட்டும்போது என் வாயில் தானாக வந்துவிடுகிறது: "போதும், மூச்சு உட்டுக்க கண்ணு."