நான்கு பேர் உட்காரும் படகு

நான்கு பேர்தான் உட்காரலாம் என்றால் நான்கு பேர்தான். அதில் கோபப்பட என்ன இருக்கிறது? தவ்ஃபீக் ஒன்று. அவர் தம்பி லுத்ஃபி இரண்டு. தம்பியின் மனைவி மூன்று. அவளுடைய அம்மா நான்கு. மறுபடி எண்ணினாலும் நான்குதான் வருகிறது. நான் எங்கே கோபப்பட்டேன்? எண்ணித்தானே பார்க்கிறேன்.

இப்படி நினைத்துக்கொண்டே மொன்ஜியா படகின் இருக்கையில் பூத்திருந்த கரும்பூஞ்சையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். துறைமுக ஊரான பிசெர்த்தில், உல்லாசப் படகுகளைக் கட்டிவைக்கும் மரப்பாலத்தின் கடைசியில் நின்றது அந்தப் படகு. வெள்ளை உடம்பு, நீல இருக்கைகள், பின்பக்கம் ஓர் எஞ்சின். எஞ்சினுக்குப் பக்கத்தில் வளைந்த எழுத்தில் அவளுடைய பெயர். அதை வாங்கிய அன்று கணவர் தவ்ஃபீக் அந்த எழுத்துகளைக் காட்டியபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ கோடைகள் வந்து போயின. ஒரு தடவைகூட அவளை அதில் ஏற்றிக்கொண்டு அவர் கடலுக்குப் போனதில்லை. காற்று சரியில்லை என்பார். அலை சரியில்லை என்பார். உனக்கு வாந்தி வரும் என்பார். அவர் மட்டும் ஞாயிறு காலையில் கிளம்பிப் போய், மாலையில் வெயிலில் முகம் கறுத்து, உப்பு வாசனையோடு திரும்புவார். கடல் எப்படி இருந்தது என்று கேட்டால், கடல் கடல் மாதிரிதான் இருந்தது என்பார்.

வருகிற ஞாயிறு லுத்ஃபி குடும்பம் கடலுக்கு அக்கரையில் இருக்கும் மார்செய்யிலிருந்து வருகிறது. முனையைச் சுற்றிப் போய் ஏதாவது ஒரு சின்னக் கரையில் இறங்கி மீன் சுட்டுச் சாப்பிடுவது என்று அவன் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டான். செவ்வாய்க்கிழமை ஒரு தர்பூசணியைத் தூக்கும்போது தவ்ஃபீக்குக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. போகமுடியாது போலிருக்கிறதே என்று அவர் தம்பியிடம் போனில் முனகினார். அதனால் என்ன அண்ணே, என்னிடம் படகு ஓட்டும் உரிமம் இருக்கிறது, நீ சும்மா உட்கார்ந்து வழி மட்டும் காட்டு என்றான் அவன். அன்று இரவு தவ்ஃபீக் சரியாகச் சாப்பிடவில்லை. வலி என்று நினைத்தாள் மொன்ஜியா. நேற்று மாலை இடுப்பைப் பிடித்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனவர் வெறுங்கையோடுதான் வந்தார்.

படகை யார் சுத்தம் செய்வது என்ற பேச்சு வந்ததும் நான் செய்கிறேன் என்று அவள் முந்திக்கொண்டாள். அவள் மனதில் ஒரு சின்னக் கணக்கு இருந்தது. படகைக் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்தால், ஒருவேளை, நீயும் வா என்று சொல்ல அவருக்குத் தோன்றலாம். லுத்ஃபியின் மாமியார் பருமனான பெண்மணி, முட்டிவலி வேறு. படகில் ஏறுவதற்குள் மனம் மாறிவிடலாம். அந்த ஒரு இடத்துக்காகத்தான் இந்தப் பாடு. அதை அவள் தனக்கே உரக்கச் சொல்லிக்கொள்ளவில்லை.

தவ்ஃபீக் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மற்ற நாட்களில் படகு துடைக்கும் துணியை அவள் தொட்டாலே கத்துகிற மனிதர். "போ. உனக்கு எப்படித் தோணுதோ அப்படிப் பண்ணு," என்றார் மென்மையாக.

பூஞ்சை போகவில்லை. தண்ணீரில் கலந்த வினிகரால் துடைக்க வேண்டும் என்று அவர் முன்பு யாரிடமோ சொன்னது நினைவிருந்தது. ஆனால் வினிகர் என்ன செய்யும்? வீட்டுக் குளியலறையில் இதே கறுப்பு வந்தபோது ப்ளீச்சுக்குத்தான் அது அடங்கியது. பாட்டிலைத் திறந்து தாராளமாக ஊற்றினாள். கறுப்பு போனது. கொஞ்சம் பொறுத்து நீலமும் போனது. இருக்கையின் நடுவில், வரைபடத்தில் ஏதோ ஒரு நாடு போல, வெள்ளையாக ஒரு திட்டு.

ஒரு திட்டு இருந்தால்தானே அசிங்கம்? எல்லா இடத்திலும் ஊற்றினாள். இருக்கைகள் வெளுத்துத் திட்டுத்திட்டாயின. ப்ளீச் வழிந்து படகின் பக்கவாட்டில் மங்கலான கோடுகளை இழுத்துவிட்டது.

போன் செய்தாள். திட்டு வாங்கத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பரவாயில்லை, வெள்ளையும் நல்ல நிறம்தான் என்றார் தவ்ஃபீக்.

மொன்ஜியா போனைக் காதிலிருந்து எடுத்து, சரியான எண்ணுக்குத்தான் பேசுகிறோமா என்று பார்த்துக்கொண்டாள். போன வாரம் டீக்குப் புதினா வாடியிருந்ததற்கே அரை நாள் பேசாமல் இருந்தவர். வலி வந்தால் மனிதர்கள் இப்படிக் கனிந்துவிடுவார்களா? இத்தனை வருடமும் இது எங்கே இருந்தது?

கோடுகளை மறைக்க மெழுகு பாலிஷை எடுத்தாள். வெளிப்பக்கத்தில் வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். கோடுகள் மறைந்தன, வெயிலில் படகு மின்னியது. அந்த மின்னலைப் பார்த்ததும் கை நிற்கவில்லை. வெளிப்பக்கம் மின்னும்போது உள்ளே தரை மட்டும் ஏன் சோகமாக இருக்க வேண்டும்? தரைக்கும் போட்டாள். போட்டு முடித்து எழுந்து ஓர் அடி வைத்தவள், அடுத்த அடியை வைக்கவேண்டிய தேவையே இல்லாமல் படகின் மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்து, எஞ்சினைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள்.

இந்தத் தரையில் லுத்ஃபியின் மாமியார் கால் வைத்தால் இடம் காலியாகும், ஆனால் இப்படிக் காலியாக வேண்டாம். மறுபடி போன் செய்து, தரை வழுக்குவதைச் சொன்னாள்.

"நீ விழலையே?" என்றார் தவ்ஃபீக்.

கல்யாணம் ஆன புதிதில் இப்படிக் கேட்டிருப்பார். அதற்குப் பிறகு அவள் எத்தனை தடவை விழுந்திருக்கிறாள், அவர் எத்தனை தடவை முதலில் பாத்திரத்தைப் பார்த்திருக்கிறார். அப்புறம் அவராகவே யோசனையும் சொன்னார். சோப்புப் போட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவு. தண்ணீருக்குக் கணக்குப் பார்க்காதே.

தண்ணீர் ஊற்றிக் கழுவுவது அவளுக்குச் சொல்லித்தரவேண்டிய விஷயமா? பிசெர்த்தில் எந்த வீட்டிலும் பெண்கள் தரையை ஈரத்துணியால் தடவிவிட்டுப் போவதில்லை. வாளி வாளியாகக் கொட்டி, துடைப்பத்தால் தேய்த்து, வைப்பரால் தள்ளி, மூலையில் இருக்கும் ஓட்டை வழியே வழித்து வெளியேற்றுவார்கள். அப்போதுதான் சுத்தம். மற்றதெல்லாம் நடிப்பு. பாலத்துக் குழாயிலிருந்து வாளியை நிரப்பி நிரப்பிக் கொட்டினாள். நுரை பொங்கியது. மெழுகு வழுவழுப்பு போனது. வைப்பரால் தண்ணீரைப் பின்பக்கம் தள்ளினாள். அது பின்பக்கம் போய், சுவரில் முட்டி, மெதுவாக அவளிடமே திரும்பி வந்தது.

மறுபடி தள்ளினாள். மறுபடி வந்தது. கணுக்கால் வரை சோப்புத் தண்ணீர்.

ஓட்டை இல்லாத தரையை எந்த மடையனும் கட்டமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். குனிந்து கையால் தடவிப் பார்த்தாள். பின்சுவரின் அடியில் பித்தளையில் ஒரு திருகு மூடி கிடைத்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை நேரம் இதைத் தேடாமல் போனோமே. பலம்கொண்டு திருகினாள். மூடி கழன்று கையிலிருந்து நழுவி, நுரைக்குள் எங்கோ போனது. போகட்டும், தண்ணீர் வடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம்.

காலைப் படகுக்குள் தொங்கவிட்டு விளிம்பில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த சூரை மீன் சாண்ட்விச்சைப் பிரித்தாள். காரமான ஹரிஸ்ஸா மிளகாய் விழுது, ஆலிவ், வேகவைத்த முட்டை. கடல் நல்ல நிறத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இதே விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு போவதை நினைத்துப் பார்த்தாள். எவ்வளவு சின்ன ஆசை. அதனால்தான் கேட்க வெட்கமாக இருக்கிறது. பெரிய ஆசையாக இருந்தால் சண்டையாவது போடலாம்.

கீழே பார்த்தாள். சாம்பல் நிறத்தில் இருந்த சோப்புத் தண்ணீர் தெளிந்துகொண்டு வந்தது. அவளுக்குத் திருப்தியாக இருந்தது. தெளிந்தது மட்டுமில்லை, நல்ல குளிர்ச்சியும் வந்துவிட்டது. அது முழங்காலை எட்டியபோதுதான் லேசாக ஒரு சந்தேகம் வந்தது. விரல் நீளத்தில் ஒரு மீன், ஒருகாலத்தில் நீலமாக இருந்த இருக்கைக்கு அடியிலிருந்து வெளியே வந்து, அவளைப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

படகுத்துறைக் காவலாளி திஜானி தன் அறையிலிருந்து சூரியகாந்தி விதை கொறித்தபடி வந்தான். நாற்பது வயது இருக்கும், எதற்கும் அவசரப்படாதவன். பாலத்தில் நின்று குனிந்து பார்த்தான். ஒரு தோலைத் துப்பினான்.

"என்னக்கா பண்றீங்க?"

"தண்ணி வடியட்டும்னு மூடியைத் திறந்துவிட்டேன்."

"எங்க வடியும்? கடலுக்கு நடுவுல ஓட்டையைத் திறந்து வெச்சா, கடல்தான்க்கா உள்ள வரும்."

அதைச் சொன்ன பிறகுதான் அவன் விதைகளைச் சட்டைப்பையில் போட்டான். அது கரையில் தூக்கி வைத்த பிறகு மழைத்தண்ணீர் வெளியேற இருக்கும் வழி என்று விளக்கிக்கொண்டே உள்ளே குதித்தான். மூடி கிடைக்கவில்லை. எதையாவது கொடுங்க என்று கை நீட்டினான். மொன்ஜியா கையில் இருந்ததைக் கொடுத்தாள். மீனும் முட்டையும் மிதந்து போக, ரொட்டியை அவன் அவளுடைய தலைத்துணியில் சுருட்டி ஓட்டைக்குள் திணித்தான். ரொட்டி ஊறி உப்பி, நன்றாக இறுகிக்கொண்டது. பிறகு கயிறு கட்டி இழுத்துப் போய், கிரேனைக் கூப்பிட்டு, படகைக் கரையில் தூக்கி வைத்தார்கள்.

அப்போதுதான் மொன்ஜியா படகின் அடிப்பக்கத்தை முதல்முதலாகப் பார்த்தாள்.

தண்ணீர்மட்டத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி மின்னியது. ஒவ்வொரு வசந்தத்திலும் தவ்ஃபீக் போட்ட மெழுகு, இன்று அவள் போட்ட மெழுகு. அதற்குக் கீழே ஒரு தோட்டம். ஒரு முழ நீளத்துக்குப் பாசி தாடி போலத் தொங்கியது. சிப்பிகள் கொத்துக் கொத்தாக அப்பியிருந்தன. ஒரு நண்டு, யாராவது தன் வீட்டைத் தூக்குவார்கள் என்று எதிர்பார்க்காததைப்போல், இங்கும் அங்கும் ஓடியது.

"இதுவும் நான் பண்ணினதா?" என்று கேட்டாள். இன்றைய நாளில் எதையும் நம்ப அவள் தயாராக இருந்தாள்.

"சேச்சே. இது வருஷக்கணக்கா வளர்ந்தது," என்றான் திஜானி. "ஓடுற படகுல இவ்வளவு ஒட்டாது."

சொன்னதும் வாயை மூடிக்கொண்டு வேறெங்கோ பார்த்தான். அவள் அந்த வாக்கியத்தை மெதுவாக உள்ளே விட்டுப் பார்த்தாள். ஓடுகிற படகில் ஒட்டாது. அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமைகள்? கறுத்த முகம்? ஏதோ ஒன்று அவளுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. பிடிப்பதற்குள் போன் அடித்தது.

தவ்ஃபீக். இந்தத் தடவை எதையும் மறைக்காமல் சொன்னாள். படகு மூழ்கப் பார்த்தது, நான்தான் காரணம், கரையில் தூக்கி வைத்திருக்கிறோம். ஒரு இடத்துக்கு ஆசைப்பட்டு நான்கு இடத்தையும் கெடுத்துவிட்டேனே என்று உள்ளுக்குள் நொந்துகொண்டாள்.

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு. தலைச்சுமையை இறக்கிவைத்தவர் விடுகிற மாதிரியான மூச்சு.

"நீ நல்லாருக்கல்ல? அது போதும். படகு போனாப் போகுது," என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு மட்டும் பண்ணு. லுத்ஃபிக்கு நீயே போன் பண்ணிச் சொல்லிடு. தெரியாம நான்தான் கெடுத்துட்டேன், இனிமே அது கடலுக்குப் போகாதுன்னு சொல்லு. கொஞ்சம் அழுதாலும் நல்லதுதான். நான் சொன்னா அவன் நம்பமாட்டான்."

அவளுக்கு அழுகை தயாராகவே இருந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தவள், போனைக் கையால் பொத்திக்கொண்டு திஜானி பக்கம் திரும்பினாள். "இனிமே இது ஒண்ணுத்துக்கும் ஆகாதில்ல?"

"ஏன் ஆகாது? எஞ்சின்ல தண்ணி ஏறல. மாசாமாசம் நான்தானே அதை ஓடவிட்டு வைக்கிறேன். அடியைச் சுரண்டி ரெண்டு கோட்டு பெயிண்ட் அடிச்சு, புது மூடி போட்டா சனிக்கிழமை தண்ணியில இறக்கிடலாம்." அவன் சட்டைப்பையில் விதையைத் தேடினான், எல்லாம் நனைந்திருந்தது. "நேத்து சாயங்காலம் உங்க வீட்டுக்காரர் விறுவிறுன்னு நடந்து வந்து என்கிட்ட கேட்டதே இதைத்தாங்க்கா. ஞாயித்துக்கிழமைக்குள்ள இதை எப்படியாவது மூழ்கடிச்சுக் குடுக்க முடியுமான்னு. கடல்னாலே அவருக்குப் பயம், கட்டின கயிறை அவிழ்க்கவே மாட்டார், பாவம். ஆனா நான் முடியாதுன்னுட்டேன்."

மொன்ஜியா குனிந்து அந்த நண்டைப் பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கட்டிய கயிறு அவிழாத ஒரு படகில், வெயிலில் தனியாக உட்கார்ந்து, மாலை ஆகட்டும் என்று காத்திருக்கும் ஒரு மனிதர்தான் கண்ணுக்குத் தெரிந்தார். என்னிடம் சொல்லியிருக்கலாம். எனக்கும் பயம் இருக்கிறது என்று நானும் சொல்லியிருப்பேன். அது வேறு விஷயம், வீட்டில் பேசிக்கொள்ளலாம்.

பொத்தியிருந்த கைக்குள்ளிருந்து அவர் குரல் சின்னதாகக் கேட்டது. "மொன்ஜியா? இருக்கியா? சொல்லிடறல்ல?"

போனைக் காதில் வைத்தாள்.

"இல்லைங்க," என்றாள், குரலை உயர்த்தாமல். "நான் சொல்லமாட்டேன். ஞாயித்துக்கிழமை படகு போகுது. உங்க இடத்துல நான் உட்கார்ந்துக்கறேன்."